நகைப்பும் மதிப்பீடும்: விந்தை வண்டிகளும் ஊராரும்

புதிய வடிவில் ஓர் ஊர்தி சாலையில் இறங்கும்போது ஊரார் மூன்று காரியங்களைச் செய்கின்றனர். முதலில் நகைக்கின்றனர், பிறகு பெயர் சூட்டுகின்றனர், இறுதியில் சுமையேற்றிப் பார்க்கின்றனர். முதல் இரண்டும் சில நாட்களில் முடிந்துவிடும். மூன்றாவதற்கு ஆண்டுகள் ஆகும். நகைப்பைக் குறித்துவைப்போர் பலர். அந்நகைப்பு எதைக் குறித்தது என்று வினவுவோர் சிலரே. ஊராரின் நகைப்புக்குள் இரு வேறு குரல்கள் கலந்திருக்கின்றன என்பதும், அவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. உலகெங்கும் கேலிக்குள்ளான ஒரு மின்சரக்கு வண்டியில் தொடங்கி, சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள புதுக்கோட்டை மண்ணில் முடிப்போம்.

எஃகுப் பெட்டி

2019 நவம்பர் 21 அன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையடுத்த ஹாதார்னில், டெஸ்லா நிறுவனம் 'சைபர்டிரக்' என்னும் மின்சாரப் பிக்கப் வண்டியை மேடையேற்றியது. வளைவு என்பதே இல்லாத உடல். தாளை மடித்துச் செய்தாற்போன்ற தட்டையான பரப்புகள். வண்ணம் பூசாத துருப்பிடிக்கா எஃகு. கண்ணாடியின் உறுதியைக் காட்டுவதற்காக வடிவமைப்பாளர் பிரான்ஸ் வான் ஹோல்ஸ்ஹாசன் உலோக உருண்டையை எறிந்தார். கண்ணாடி விரிசல் கண்டது. பின்னிருக்கைக் கண்ணாடியில் எறிந்தார். அதுவும் விரிசல் கண்டது! அன்றிரவே உலகம் நகைக்கத் தொடங்கியது. குழந்தை வரைந்த வண்டி என்றனர். கணினி விளையாட்டிலிருந்து தப்பி வந்தது என்றனர். நம் வகுப்பறையிலும் ஒரு மாணவர் அப்படத்தைக் காட்டி, "இது வண்டியா, தகரப் பெட்டியா?" என்று வினவினார்.

நகைத்தவர்கள் நகைத்துக்கொண்டிருக்க, 100 டாலர் செலுத்தி முன்பதிவு செய்தோர் தொகை ஒரு வாரத்திற்குள் 2,50,000 ஆனதாக நிறுவனத் தலைவர் ஈலான் மஸ்க் அறிவித்தார். அம்முன்பணம் திரும்பப் பெறத்தக்கது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வடிவத்திற்கு மஸ்க் தந்த விளக்கம் சுவையானது. வழக்கமான வண்டிகளின் உடலை அச்சுப்பொறியில் அழுத்தி வளைப்பர். இவ்வெஃகோ அச்சுப்பொறியையே உடைத்துவிடும் அளவிற்குக் கடினமானது. ஆதலால் தட்டையாகத்தான் அமைக்க முடியும் என்றார். பொருள் வடிவைத் தீர்மானித்தது என்பது அவர் வாதம்.

2023 நவம்பர் 30 அன்று முதல் வண்டிகள் வாடிக்கையாளர் கைக்கு வந்தன. அதன்பின் எழுந்த வினாக்கள் வேறு வகையின. 39,900 டாலரில் தொடங்கும் என்று சொல்லப்பட்ட வண்டி 60,990 டாலரில் தொடங்கியது ஏன்? 500 மைலுக்கு மேல் ஓடும் என்று சொல்லப்பட்ட உயர்வகை வண்டி எங்கே? கூரிய விளிம்புகள் நடந்துசெல்வோரைத் தாக்கினால் என்னாகும்? ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இவ்வடிவம் பொருந்தாமையைப் பலர் சுட்டிக்காட்டினர். 2025 மார்ச்சில், பசையால் ஒட்டப்பட்ட எஃகுப் பட்டைகள் ஓடும்போது கழன்றுவிழக்கூடும் என்பதனால் 46,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. "தகரப் பெட்டி" என்ற நகைப்பும், "பட்டை கழன்று பின்வரும் வண்டியின் மேல் விழுமா?" என்ற வினாவும் ஒன்றல்ல. முன்னது பழக்கமின்மையின் குரல். பின்னது மதிப்பீட்டின் குரல்.

குட்டி யானை

நம் நாட்டு மின்வண்டியும் இவ்விரு குரல்களைக் கேட்டதுண்டு. பெங்களூரில் உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த 'ரேவா' சின்னஞ்சிறு மின்மகிழுந்து. 'ஜி-விஸ்' என்ற பெயரில் அது இலண்டன் சென்றது. நெரிசல் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றமையால் அந்நகரில் அதற்கு ஆதரவாளர் இருந்தனர். அதன் உருவத்தைக் கண்டு சிரித்தோர் அவர்களினும் பலர். 'டாப் கியர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி அதனை ஓயாது கேலி செய்தது. ஆயினும் 2007-இல் அதே பெயருடைய இதழ் நடத்திய மோதல் சோதனை, அதனுள் அமர்ந்திருப்போருக்குப் போதிய காப்பில்லை என்று காட்டியபோது, அதைக் கேலி என்று தள்ள இயலவில்லை. உற்பத்தியாளரும் பின்னர் வண்டியின் பாதுகாப்பைத் திருத்தினர். உருவத்தைப் பற்றிய சிரிப்பு வண்டியை ஓரங்குலமும் மாற்றவில்லை. உயிரைப் பற்றிய வினா மாற்றியது.

சரக்கு வண்டிக்கு வருவோம். 2005-இல் டாடா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறுவண்டியை வெளியிட்டது. மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோவிற்கும் பெரிய லாரிக்கும் இடைப்பட்ட நான்கு சக்கர வண்டி. இரண்டே உருளைகள் கொண்ட டீசல் எந்திரம். வடபுலத்தார் அதனைச் 'சோட்டா ஹாத்தி' என்றனர். தமிழர் 'குட்டி யானை' என்றனர். இலக்கணம் பயின்றோர் இதனைக் காரணப்பெயர் என்று உடனே கூறிவிடுவர். உருவம் நோக்கிக் 'குட்டி' வந்தது. சுமை நோக்கி 'யானை' வந்தது. நகைப்பும் மதிப்பீடும் ஒரே பெயருக்குள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் அழகை என்னென்பது! வாழைத்தாரும் சிமெண்டு மூட்டையும் பந்தல் சாமானும் ஏற்றிச் சென்றுசென்று, அப்பெயரிலிருந்த சிரிப்பு தேய்ந்து பாசம் மட்டும் எஞ்சிவிட்டது.

2022 மே மாதம் இதே குட்டி யானை மின்கலம் பூண்டு வந்தது. 600 கிலோ சுமை தாங்கும் என்றனர். 2024-இல் 1,000 கிலோ தாங்கும் வகையும் வந்தது. உலகையே நகைக்கச் செய்த அமெரிக்க வண்டியைப் போன்று இதுவும் மின்சாரச் சரக்கு வண்டியே. ஆயினும் பழகிய உருவில் வந்தமையால் எவரும் நகைக்கவில்லை. மக்கள் சிரித்தது மின்சாரத்தைக் கண்டன்று, கண் பழகாத உருவைக் கண்டே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

விசித்திரசித்தனின் கல்

கடினமான பொருளைக் கையிலெடுத்தால் வடிவமும் மாறியாக வேண்டும் என்னும் வாதம் தமிழகத்திற்குப் புதிதன்று. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையுமின்றி நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் இக்கோயில் எடுக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது. அக்கல்வெட்டில் மன்னன் தாங்கி நிற்கும் பெயர் 'விசித்திரசித்தன்'. விந்தையான சிந்தையன் என்பது பொருள். வழக்கத்தை மீறியவன் என்பதைப் பட்டமாகவே சூடிக்கொண்டான் அப்பல்லவன்!

நடுகல், கல்வட்டம், கல்பதுக்கை எனக் கல் நீத்தார் நினைவோடு பிணைந்திருந்த நிலத்தில், இறைவனுக்குக் கல்லில் இல்லமெடுக்கத் தொடக்கத்தில் தயக்கம் இருந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். சித்தன்னவாசல் பகுதியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக் கண்டவர்க்கு அக்கருத்தின் நுட்பம் விளங்கும். அவ்வூர்க் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவியர் கற்படுக்கைகளில் வாழ்ந்தனர். அதே குன்றின் மேற்குச் சரிவில் பின்னர் அறிவர் கோயில் குடையப்பட்டது. அதன் தூண்களை நோக்குங்கள்: மேலும் கீழும் சதுரம், இடையில் எண்முகக் கட்டு. செதுக்கணி மிகுதியில்லாத, திண்மையான வடிவம். தமிழகக் குடைவரைகள் பலவற்றில் காணும் அமைப்பே இது.

இங்கும் சுமையேற்றிப் பார்த்தல் நிகழ்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையாசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தையும் எடுப்பித்ததாக அங்குள்ள பாடற்கல்வெட்டு தெரிவிக்கிறது. கட்டி எழுப்பிய அம்முகமண்டபம் காலப்போக்கில் அழிந்துபட்டது. குடைந்த பகுதி நின்றது. இன்று முன்னால் காணும் தூண்கள் 20-ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்டவை. விசித்திரம் என்று தொடங்கியதொன்று, ஆயிரம் மழைக்காலங்களைத் தாங்கியபின் மரபு என்று பெயர் பெறுகிறது. வடிவத்தின் புதுமை அதனைக் காப்பாற்றவுமில்லை, கெடுக்கவுமில்லை. தாங்கியதா என்பதே வினாவாக இருந்தது.

குறுக்குக் கம்பி

குடுமியான்மலை என்றவுடன் நமக்குக் கல்வெட்டு நினைவு வருவது இயல்பு. அவ்வட்டாரத்துக் கல்குவாரிகளில் உழைத்த பெண்களும் வரலாற்றுக்குரியவர்களே. அவர்கள் கதையில் ஊர்தி புதிதன்று, ஏறியவர் புதியவர்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் கற்பித்தலை எழுத்தறிவுப் பணியோடு இணைத்தார். ஊருக்கு ஊர் பயிற்சி நடந்தது. ஓராயிரம், ஈராயிரம் அல்ல, ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் சைக்கிளைக் கைக்கொண்டனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். 1992 உலக மகளிர் நாளன்று 1,500 பெண்கள் கொடி பறக்க, மணியொலிக்கப் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் அணிவகுத்தனர்.

தொடக்கத்தில் அவர்கள் கேட்ட சொற்கள் இங்கே எழுதத் தகாதவை. இதில் வடிவம் பற்றிய ஒரு செய்தியும் உண்டு. பெண்களுக்கென்று கம்பி தாழ்ந்த 'லேடீஸ் சைக்கிள்' இருந்தது; அது போதிய அளவு கிடைக்கவில்லை. ஆதலால் பலர் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறினர். சேலையுடன் அக்கம்பியைத் தாண்டி ஏறுவதே நகைப்புக்குப் போதுமானதாக இருந்த காலம். பின்னரோ, சிலர் அதனையே விரும்பிக் கேட்டனர். காரணம், அக்கம்பியின்மேல் பிள்ளையை உட்காரவைத்துச் செல்லலாம்! முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க்குடம். சரக்கு வண்டியின் இலக்கணத்தை அப்பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நம் இரு குரல்களையும் மீண்டும் நிறுத்திப் பார்ப்போம். சைபர்டிரக்கைக் கண்டு சிரித்தவர் சிரிப்பினூடே, விலை, பாதுகாப்பு பற்றிய மெய்யான வினாக்களும் எழுந்தன. புதுக்கோட்டைப் பெண்களைக் கண்டு சிரித்தவர் சிரிப்பினுள் வினாவென்று எதுவுமில்லை. சைக்கிள் தாங்குமா என்று அவர்கள் கேட்கவில்லை. இவள் ஏறலாமா என்றனர். இது புதுக்கோட்டைக்கு மட்டும் உரியதன்று. 1897-இல் பெண்களுக்குப் பட்டமளிப்பதை எதிர்த்த கேம்பிரிட்ஜ் மாணவர்கள், சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் உருவபொம்மையையே தெருவில் தொங்கவிட்டனர். கற்றோர் நிறைந்த நகரம் அது!

விலையிலும் வேறுபாடு உண்டு. பெருநிறுவனத்தின் மேல் விழுந்த கேலி முன்பதிவாக மாறியது, விளம்பரமாகவே பயன்பட்டது. குவாரிப் பெண்ணின் மேல் விழுந்த கேலியை அவளே தினமும் தனியே தாங்கவேண்டியிருந்தது. பக்கத்து ஊர்ச் சந்தைக்கோ, மருத்துவமனைக்கோ செல்ல, எப்போது வருமென்று தெரியாத பேருந்துக்கோ, தந்தை, கணவன், தமையன் துணைக்கோ காத்திருந்தவள் அவள். அன்றைய சிரிப்புக்கு அஞ்சி இறங்கியிருந்தால் அவள் இழந்திருப்பது பொழுதை மட்டுமன்று. அவள் இறங்கவில்லை. 2001-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையின்றிச் சைக்கிள் வழங்கியபோது, பெண் சைக்கிள் ஓட்டுவது கேள்விக்குரிய செயலாக இல்லாத ஒரு நிலையை இத்தகைய பெண்கள் முன்னரே உருவாக்கி வைத்திருந்தனர்.

அன்பார்ந்த வாசகர்களே, மின்வண்டிகள் இன்னும் பல உருவங்களில் நம் தெருக்களுக்கு வரவிருக்கின்றன. மூக்கற்றவை வரலாம், மூலைகள் கூர்ந்தவை வரலாம். உருவைக் கண்டு நகைப்பதில் பிழையொன்றுமில்லை. நம்மவர் நல்லதொரு பெயரும் சூட்டிவிடுவர். அதன்பின் கேட்க வேண்டியவை எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு தொலைவு ஓடும், எதிரே நடந்து வருபவருக்குத் தீங்கில்லையா என்பன. ஏறி ஓட்டுபவரைக் கண்டு சிரிப்பு வருமாயின், குறுக்குக் கம்பியில் பிள்ளையை வைத்துக் குடுமியான்மலைச் சாலையில் சென்ற அப்பெண்ணை ஒருகணம் நினைத்துக்கொண்டு வழிவிடுவோம்.