பல இழைகள், ஒரு வாசல்

வைகுண்ட ஏகாதசியன்று அதிகாலையில் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் வேளையில் கூட்டத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். உத்தர வீதி, சித்திரை வீதி என்று எத்தனை வீதிகளிலிருந்து எத்தனை வரிசைகள் வந்து சேர்ந்தாலும் கடக்க வேண்டிய வாசல் ஒன்றுதான். அதன் அகலம் எதுவோ, அதுவே அன்றைய கூட்டத்தின் வேகம்.

பிழைப்புக்காக மென்பொருள் எழுதப் போன பிறகு இந்த வாசல் எனக்கு வேறோர் இடத்தில் எதிர்ப்பட்டது. ஒற்றைச் செயலியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒன்றை, நான்கு செயலிகள் கொண்ட புதிய இயந்திரத்தில் ஏற்றினோம். நான்கு மடங்கு வேகத்தை எதிர்பார்த்தோம். முன்னிலும் மெதுவாக ஓடியது. இரண்டு வாரங்கள் தேடியபின் காரணம் அகப்பட்டது. நிரலின் எல்லா இழைகளும் ஒரே பூட்டின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

ஒரு நிரலுக்குள் தனித்தனியே நடைபோடும் செயற்பாட்டு ஓட்டங்களைத்தான் தமிழில் இழை என்கிறோம். பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணிகளைப் பேசுகிறது. அந்த ஊர் நம் உறையூர்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இழைகளை ஒன்றோடொன்று சிக்காமல் ஓட விடுவது திருச்சிக்குப் புதிய கலையல்ல என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் தறியின் இழை தன் இடத்தில் கிடக்கும். கணினியின் இழை பக்கத்து இழையின் கணக்கில் கை வைக்கும்.

எப்படியென்றால், ஓர் உண்டியல் கணக்கில் 500 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. இரண்டு கணக்கர்கள் ஒரே நேரத்தில் அதைப் படிக்கிறார்கள். ஒருவர் 10 கூட்டி 510 என்று எழுதுகிறார். மற்றவர் 20 கூட்டி அதன்மேல் 520 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 530. இருவர் கணக்கிலும் பிழையில்லை, ஆனால் பத்து ரூபாயைக் காணோம். ஒற்றைச் செயலியிலும் இது நேரலாம், ஆனால் அங்கே இழைகள் முறை வைத்து மாறி மாறி ஓடுவதால் அரிதாகவே கண்ணில் படும். பல செயலிகளில் இழைகள் உண்மையாகவே ஒரே கணத்தில் ஓடத் தொடங்கியதும் அது அன்றாடத் தொல்லையாகிறது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே நுழையும்படி காப்பதற்கான வழிமுறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965ல் வெளியிட்டார். அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய விலையை 1967ல் ஜீன் ஆம்டால் சுட்டிக்காட்டினார். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கும் என்றால், ஆயிரம் செயலிகளை அடுக்கினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. 64 செயலிகளுக்கு ஒன்பது மடங்குகூடத் தேறாது.

இந்தியா இந்த வழிக்கு வந்த கதையில் ஒரு முரண் உண்டு. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 1986லேயே ஃப்ளோசால்வர் என்ற சிறிய இணைக்கணினியைத் தானே உருவாக்கியிருந்தது. அதே காலத்தில் இந்திய அரசு அமெரிக்காவிடம் இரண்டு செயலிகள் கொண்ட கிரே எக்ஸ்-எம்பி/24 இயந்திரத்தைக் கேட்டது. கிடைத்ததோ ஒற்றைச் செயலி கொண்ட எக்ஸ்-எம்பி/14, அதுவும் வானிலைப் பணிக்கு, கண்காணிப்பு நிபந்தனைகளோடு. நெடுங்காலம் குறையாக நின்ற ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் பதின்மூன்று நிலைகளோடு நிறைவுற்று 1987ல் சம்ப்ரோட்சணம் கண்டது. அடுத்த ஆண்டு புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கரின் தலைமையில் 1991ல் பரம் 8000 வெளிவந்தது.

அதில் இருந்தவை பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனத்து டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். அண்டை வீட்டாரோடு பேச நான்கு இணைப்புகள். பொதுக் கணக்குப் புத்தகமே கிடையாது, கடிதப் போக்குவரத்து மட்டும்தான். பூட்டுத் தொல்லை இதனால் பெருமளவு ஒழிந்தது. ஆனால் எந்த வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது, யார் யாருக்காகக் காத்திருப்பது என்ற சுமை முழுவதும் நிரல் எழுதுபவர் தலையில் விழுந்தது. பரம் கதையை நாம் மறுக்கப்பட்டவர்களின் வெற்றியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அது பொய்யல்ல. ஆயினும் சில்லுகள் விலைக்குக் கிடைத்தன. பழைய நிரல்களைப் பிரித்து மறுபடி நெய்யும் உழைப்பு எங்கும் விலைக்குக் கிடைக்கவில்லை. கொண்டாட வேண்டியது அந்த உழைப்பைத்தான் என்பது என் எண்ணம்.

பொதுக் கணக்குப் புத்தகத்தை விடாதவர்களும் நெடுந்தூரம் நடந்தார்கள். லினக்ஸ் 1996ல் பல செயலிகளில் ஓடத் தொடங்கியபோது, அதன் கருவறைக்கு மொத்தமாக ஒரே ஒரு பெரிய பூட்டுத்தான். ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை வெளியே. பிறகு அதைச் சின்னச் சின்னப் பூட்டுகளாகப் பிரித்துக்கொண்டே வந்தார்கள். கடைசித் துணுக்கு அகற்றப்பட்டது 2011ல். ஒரு வாசலை அகலப்படுத்தப் பதினைந்து ஆண்டுகள்! இதற்கிடையே 2005 வாக்கில், ஒற்றைச் செயலியின் வேகத்தை மேலும் கூட்டினால் வெப்பம் தாங்காது என்ற நிலை வந்து, வீட்டுக் கணினிகளுக்குள்ளும் இரட்டைக் கருக்கள் குடியேறின. அறிவியல் கூடத்துச் சிக்கல் அன்றுமுதல் எல்லோருடைய சிக்கலாயிற்று.

இரு வழிகளும் இன்று திருச்சியில் சந்திக்கின்றன. 1964ல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய துவாக்குடி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ மீக்கணினி திறந்துவைக்கப்பட்டது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். பெயரைச் சேர்த்துப் படித்தால் அரங்கத்து ஊர்க்காரர்களுக்கு வேறு யாரோ நினைவுக்கு வருவார். அதன் ஒவ்வொரு கணுவுக்குள்ளும் பல கருக்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, அங்கே இழைகளும் பூட்டுகளும். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே டிரான்ஸ்பியூட்டர் காலத்தைப் போலவே செய்திப் பரிமாற்றம். இத்தகைய இயந்திரத்துக்கு நிரல் எழுதும் மாணவர் இரண்டையும் கற்றாக வேண்டும்.

அவர்களில் பலர் முதலில் கற்பது பைத்தான். அதற்குள்ளும் 1992 முதல் ஒரு பொதுப் பூட்டு இருந்துவந்தது. எத்தனை இழைகளைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அதை நீக்கும் சாம் கிராஸின் முன்மொழிவு 2023ல் ஏற்கப்பட்டது. பூட்டில்லாத பதிப்பு 2024ல் சோதனையாகவும், 2025 அக்டோபரில் முறையான ஆதரவோடும் வந்தது. வேண்டுவோர் அதைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். வழக்கமான பதிப்பில் அந்தப் பழைய பூட்டு அப்படியே இருக்கிறது.