கப்பல் வராத ஊருக்கு ஒரு கப்பல் கைடு

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அந்த நேரம் பார்த்து புளோரிடாவில் இருக்கிற எங்க டீம் ஆள் ஒருத்தர் குடும்பத்தோட மெக்சிகோ பக்கம் க்ரூஸ் கிளம்பினார். கோசுமெல் துறைமுகத்துல இறங்கினா என்னென்ன செய்யணும், என்னென்ன செய்யக்கூடாதுன்னு எங்கிருந்தோ பிடிச்ச ஒரு பட்டியலை எனக்கும் தள்ளிவிட்டார். சின்ன நோட்டா டாலர் வச்சுக்கோ. டாக்ஸில ஏர்றதுக்கு முன்னாடியே ரேட் பேசு. குழாய்த் தண்ணி வேண்டாம். முக்கியமா, வாட்ச்சை கப்பல் நேரத்துலயே வச்சிரு, ஊர் நேரத்துக்கு மாத்தாதே. லேட்டா வந்தா கப்பல் உனக்காக நிக்காது.

அந்தக் கடைசி அறிவுரையைப் பார்த்ததும் உள்ளே இருந்த பொட்டி தட்டுறவன் முழிச்சுக்கிட்டான். டைம்ஸோன்ல அடிவாங்காத புரோகிராமர் உண்டா? கோசுமெல் இருக்கிற குயின்டானா ரூ மாநிலம் 2015 பிப்ரவரியில தன்னோட நேரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளிக்கிச்சு. கோடை வந்தா மயாமியில கடிகாரத்தைத் திருப்புவாங்க, இவங்க திருப்ப மாட்டாங்க. ஆக குளிர்காலத்துல ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம், கோடையில ஒரு மணி நேர வித்தியாசம். துறைமுகத்துல யாராவது ஓடிப்போய் கப்பலைத் தவறவிடுற வீடியோ பார்த்திருப்பீங்க. அதுல பாதிப் பேர் கடிகாரத்தை நம்பிக் கெட்டவங்களாத்தான் இருக்கணும்.

"உங்க ஊர்லயும் இப்படி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டார் மனுஷர். நான் திருச்சிக்காரன், வீடு ஸ்ரீரங்கம். கடல் பார்க்கணும்னா நாகப்பட்டினம் வரைக்கும் போகணும். "எங்க ஊருக்கு ஏதுங்க கப்பல்"னு சிரிச்சிட்டு வந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சது. நூறு வருஷம் முன்னாடி கப்பல்ல வர்ற வெள்ளைக்காரங்களுக்கு இந்த மாதிரி டிப்ஸ் புஸ்தகம் போட்டு வித்ததே எங்க ஊர் ஆபீஸ்தான்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

1869-ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல கப்பல் போக்குவரத்து எகிறிப்போச்சு. அதுவரைக்கும் இலங்கையில பெரிய கப்பல்கள் நின்னது காலி துறைமுகத்துல. கொழும்பில் அலைக்குப் பாதுகாப்பு கிடையாது. 1875 டிசம்பர் 8-ஆம் தேதி கொழும்புல அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனாரே, அவரேதான். நாட்டிட்டு என்ன பண்ணினார்? 'செராபிஸ்' கப்பல்ல ஏறி தூத்துக்குடி வந்து இறங்கினார். பொதுஜனத்துக்கு இன்னும் திறக்காத புத்தம்புது ரயில் பாதையில மதுரை வந்து, அங்கிருந்து திருச்சி. ஸ்ரீரங்கம் கோயிலையும் பார்த்தார். அப்புறம் சென்னை. கொழும்புல இறங்கு, தூத்துக்குடிக்குக் கடல் தாண்டு, மதுரை, திருச்சி, தஞ்சாவூர்னு பார்த்துக்கிட்டே சென்னைக்குப் போ. பின்னாடி வந்த கைடு புஸ்தகங்கள் அத்தனையும் சொன்ன ரூட்டை அநேகமா அப்படியே ஒரு பேக்கேஜ் டூர் மாதிரி முதல்ல போனது இளவரசர். செலவு மட்டும் நம்ம காசு.

கொழும்பு அலைதாங்கிச் சுவர் 1885-ல முடிஞ்சது. அதுக்கப்புறம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சீனா எங்க போற கப்பலா இருந்தாலும் கொழும்புல நின்னு நிலக்கரி ஏத்திக்கிட்டுத்தான் போகும். 1922 நவம்பர்ல நியூயார்க்கிலிருந்து 'லாகோனியா'ங்கிற கப்பல் உலகத்தையே ஒரு சுத்து சுத்திவரக் கிளம்பிச்சு. உல்லாசத்துக்காகவே உலகம் சுத்துற பழக்கம் பணக்காரங்களுக்கு அப்ப பிடிச்சுக்கிச்சு.

இந்தக் கூட்டத்தை இந்தப் பக்கம் இழுக்கணுமே! தென்னிந்திய ரயில்வே கம்பெனியோட தலைமையகம் இருந்தது திருச்சியில. இப்ப பொன்மலைன்னு சொன்னா ஞாபகம் வர்ற பட்டறையெல்லாம் நாகப்பட்டினத்துலேர்ந்து 1920-களின் கடைசியில இங்கே வந்ததுதான். அந்தக் கம்பெனி படங்களோட ஒரு கைடு போட்டுச்சு. 1900-ல ஒரு பதிப்பு, 1926-ல இன்னொண்ணு. ரெண்டும் ஸ்கேன் பண்ணி இணையத்துல கிடைக்குது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிச்சேன், அடுத்த நாள் ஸ்டாண்டப்ல டேமேஜர் பேசினது ஒண்ணும் காதுல விழலை.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அச்சு பிசகாம ஒரே ஃபார்மட். தங்க எங்கே இடம், ஸ்டேஷன் வாசல்ல என்ன வண்டி கிடைக்கும், ரயில்வே என்ன வசதி வச்சிருக்கு, என்ன திருவிழா, என்ன பார்க்கணும், உள்ளூர்ல என்ன செய்யறாங்க, எந்த அதிகாரி இருக்கார். டேட்டாபேஸ் டேபிள் கெட்டுது போங்க. திருச்சின்னா மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்கா, சுருட்டு, நகை வேலை. சுருட்டுக்கு விளம்பரமே தேவையில்லை. 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்லயே சாம்பலைப் பார்த்து இது திருச்சி சுருட்டுன்னு துப்பறியும் சிங்கம் கண்டுபிடிச்சிடும். உறையூர்க்காரங்க காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

ஜட்காவுக்கு ரேட் பேசிக்கோ, வெயில் ஏறும் முன்னாடி போயிட்டு வா. பட்டியல்ல ஜட்காவை எடுத்துட்டு டாக்ஸியைப் போட்டா கோசுமெல்!

நேரக் குழப்பமும் அப்படியே இருந்திருக்கு. 1906 ஜனவரி 1-ல இந்திய நேரம்னு ஒண்ணு வர்றவரைக்கும் ரயில் ஓடினது மெட்ராஸ் டைம்ல. சூரியனை வச்சுக் கணக்குப் போட்டா திருச்சி சென்னைக்கு சுமார் ஆறு நிமிஷம் பின்னாடி. கொழும்புக்கு அதோட சொந்த நேரம். ஒரு மனுஷன் கொழும்புல இறங்கி திருச்சி வந்து சேர்றதுக்குள்ள வாட்ச்சில் மூணு நேரம் பார்த்திருக்கணும். ஊர்க்காரன் கடிகாரத்தை நம்பி ஆறு நிமிஷம் ஆற அமர வந்தா, ரயில் மணப்பாறையைப் பார்க்கக் கிளம்பியிருக்கும்.

ஸ்ரீரங்கம் பகுதி படிக்கிறப்ப எனக்கு ஒரு வினோத உணர்ச்சி. நான் பொறந்ததுலேர்ந்து பார்க்கிற ராஜகோபுரம் அதுல இல்லை. 236 அடியில இப்ப நிக்கிற கோபுரம் 1987 மார்ச்சுல அஹோபில மடத்து ஜீயர் முயற்சியில கட்டி முடிச்சது. அதுக்கு முன்னாடி நூத்தாண்டுக் கணக்கா அது மொட்டை கோபுரம், பிரம்மாண்டமான அடித்தளம் மட்டும்தான். எங்க பாட்டி இன்னிக்கும் "மொட்டை கோபுரத்துக்கிட்ட இறங்கிக்கோ"ன்னுதான் சொல்லுவா. கப்பல்ல வந்தவங்க பார்த்த ஸ்ரீரங்கம் பாட்டியோட ஸ்ரீரங்கம், என்னோடது இல்லை.

இன்னொண்ணு, ஃபெர்குசன்னு ஒரு கட்டடக்கலை வரலாற்றாசிரியர் 1876-ல ஒரு புகார் வாசிச்சார். வெளியில கோபுரமெல்லாம் பெருசு, உள்ள போகப் போகச் சின்னதாகுது, திருப்பிக் கட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு. சார், நீங்க நின்னது வெளியில. உள்ள விடலை. ஏழு பிராகாரம் தாண்டி, இருட்டுல, பெருமாளை அந்த நீளத்துக்குப் படுத்தவாக்குல பார்க்கிறவனுக்குக் கோபுரம் சின்னதா பெருசான்னா தோணும்? இந்துக்கள் அல்லாதவங்க ஒரு எல்லைக்கு மேல போக முடியாதுங்கிறது கைடுல வர்ற டிப்ஸ்லயும் உண்டு, இன்னிக்கும் அப்படித்தான். மொட்டை மாடிக்கு டிக்கெட் வாங்கி ஏறினா தங்க விமானம் தெரியும். அதுவும் ஆயிரங்கால் மண்டபமும் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளும் அவங்களுக்குப் போதும். வெறும் காலோட மத்தியானம் கல்லுல நடக்காதேங்கிறது நான் சேர்க்கிற டிப்ஸ்.

1914 பிப்ரவரி 24-ல பாம்பன் பாலம் திறந்ததும் ரூட்டே மாறிப்போச்சு. தூத்துக்குடியிலிருந்து ராத்திரி முழுக்கக் கடல்ல ஆடிக்கிட்டுப் போக வேண்டாம். சென்னையில போட் மெயில் ஏறி, திருச்சி வழியா தனுஷ்கோடி வரைக்கும் ரயில். ஜெட்டியில இறங்கி நீராவிக்கப்பல். இருபது சொச்சம் மைல்தான், தலைமன்னார்ல அடுத்த ரயில் காத்திருக்கும். 'இர்வின்', 'கோஷன்'னு வைஸ்ராய், கவர்னர் பேர்ல கப்பல்கள் பின்னாடி ஓடுச்சு.

இந்த இடத்துல பதிவை முடிச்சு ஜாலியா போயிருக்கலாம். கல்லூரி நண்பன்கிட்ட இதையெல்லாம் போன்ல அளந்துக்கிட்டிருந்தேன். பொறுமையா கேட்டுட்டு, "எங்க ஆளுங்க போனதும் அதே ரயில்தான்டா. அவங்களுக்கு என்ன டிப்ஸ் போட்டிருக்கான் உன் கைடுல?"ன்னான். அவன் குடும்பம் முசிறிப் பக்கத்துலேர்ந்து கண்டிக்குப் போய், ரெண்டு தலைமுறை கழிச்சுத் திரும்பி வந்தது.

எனக்குப் பதில் தெரியலை. தேடினேன்.

அதே திருச்சியில 1904-லேர்ந்து இன்னொரு ஆபீஸ் இருந்திருக்கு. சிலோன் லேபர் கமிஷன். தேயிலை, ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடிச்சு அனுப்புறதை ஒழுங்குபடுத்த தோட்ட முதலாளிகள் நடத்தினது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். சேர்ந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் தோட்டத்தோட நம்பர் அடிச்ச ஒரு தகரத்துண்டு. அதை உடம்புல மாட்டிக்கணும். ரயில், சாப்பாடு, கப்பல் எல்லாச் செலவும் அந்த நம்பர்ல எழுதிக்குவாங்க. கையில காசே இல்லாம ஒருத்தன் திருச்சியிலேர்ந்து மலையகம் போய்ச் சேர்ந்திடலாம். படிக்கிறப்ப எனக்கு முதல்ல "அட, என்ன சிஸ்டம்டா!"ன்னு தோணிச்சு. அப்புறம் அந்தச் செலவு யார் தலையில விழுதுன்னு படிச்சேன். கடனா அவன் கணக்குலயே ஏறும். தோட்டத்துல கால் வைக்கிறப்பவே கடன்காரன். கடனை எழுதின 'துண்டு'ச்சீட்டு இருந்தாத்தான் தோட்டம் மாற முடியும், புதுத் தோட்டத்துக்காரன் அந்தக் கடனை ஏத்துக்கணும். அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிச்சது 1921-ல.

நடுவுல முகாம். தூத்துக்குடி வழியா போன காலத்துல தட்டப்பாறை, தனுஷ்கோடி வழி வந்தப்புறம் மண்டபம். பிளேக், காலரா பயத்துல இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலேயே நடத்தின தனிமைப்படுத்தும் முகாம். தொழிலாளிங்க நாள்கணக்குல அங்கே அடைஞ்சு கிடந்து, அம்மை குத்திக்கிட்டு, அப்புறம்தான் கப்பல். மேல் வகுப்புல வர்றவங்களுக்கு அந்த அடைப்பு கிடையாது, டாக்டர் பார்த்துட்டு அனுப்பிடுவார். கிருமிக்கு டிக்கெட் கிளாஸ் தெரியும்போல.

நண்பனோட பாட்டிக்கு அவங்க அம்மா சொன்னது ஒண்ணுதான் ஞாபகம் இருக்காம். கட்டியிருந்த துணியையெல்லாம் வாங்கி அவிச்சுக் கொடுத்தாங்க, அந்த மருந்து நாத்தம் தோட்டத்துக்குப் போயும் போகலைன்னு.

என்கிட்ட இருக்கிற கைடுல மண்டபம் ஒரு ஸ்டேஷன். ரெண்டு ஆபீசும் ஒரே ஊரு. ஒண்ணு வர்றவனுக்குப் படம் போட்ட புஸ்தகம் கொடுத்துச்சு, இன்னொண்ணு போறவனுக்குத் தகரம் கொடுத்துச்சு. எங்க ஊர்ப் பெருமையை எழுத உக்காந்தவனுக்கு இது தேவையான்னு நீங்க கேக்கலாம். எனக்குத் தேவையா இருந்தது.

மிச்சக் கதை பலருக்குத் தெரியும். 1964 அக்டோபர் 30-ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கிறதுன்னு கையெழுத்து. ரெண்டு மாசம் கூட ஆகலை, டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சு, பாம்பன்லேர்ந்து கிளம்பின பாசஞ்சர் ரயிலோட தனுஷ்கோடியே போச்சு. திரும்பி வர்றவங்க இறங்க வேண்டிய ஜெட்டியும் போச்சு. அதனால அவங்க தலைமன்னார்லேர்ந்து 'ராமானுஜம்' கப்பல்ல ராமேஸ்வரம் வந்தாங்க. வந்தவங்களை வச்சது மறுபடியும் மண்டபம், அப்புறம் எங்க ஊர் ஏர்போர்ட் பக்கத்துல கொட்டப்பட்டு. நான் ஆன்சைட் போக டாக்ஸில அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன். பாஸ்போர்ட் எடுத்தோமான்னு பையைத் தடவிக்கிட்டே போயிருக்கேன், வெளியில எட்டிப் பார்த்ததில்லை.

கப்பல் நின்னது 1980-கள்ல, போர் வந்தப்ப. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்குப் படகு விட்டாங்க, நின்னுச்சு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க. போறதா இருந்தா: பாஸ்போர்ட் கட்டாயம், லக்கேஜ் எடைக்கு வரம்பு உண்டு, கடல் சரியில்லைன்னா ஓடாது, ஐப்பசி கார்த்திகை மழையில திட்டம் போடாதீங்க, கிளம்புறதுக்கு முந்தின நாள் விசாரிச்சுக்கோங்க. இலங்கைக்கும் நமக்கும் இப்ப ஒரே நேரம், வாட்ச்சைத் தொட வேண்டாம்.

நண்பன்கிட்ட "பாட்டியைக் கூட்டிக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாடா, நானும் வர்றேன்"னேன். கேட்டுச் சொன்னான். பாட்டி பொறந்த தோட்டத்தைப் பார்க்க ரெடியாம். ஆனா கப்பல்னா வர மாட்டாளாம், ஏரோப்ளேன்ல போட்டா வர்றாளாம். திருச்சியிலேர்ந்து கொழும்புக்கு டிக்கெட் பார்த்துக்கிட்டிருக்கோம்.