வரி நிலுவையும் நில விற்பனையும்: உக்கல் ஆணை முதல் ஹென்னெபின் தீர்ப்பு வரை

வரி செலுத்தாதவரின் நிலத்தை ஊராட்சியோ நகராட்சியோ விற்று நிலுவையை ஈடுசெய்வது மிகப் பழைய வழக்கம். எனினும் இவ்விற்பனையை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதனை வரிவசூல் முறைகளுள் ஒன்றாகவே கண்டனர். விற்ற தொகை கடனை விஞ்சினால் எஞ்சியது யாருக்கு உரியது என்னும் வினா அதே அளவு முதன்மையானது. அவ்வினாவைத் தமிழகக் கல்வெட்டு ஒன்றையும் வட அமெரிக்கச் சட்ட வரலாற்றையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உக்கல் ஆணை

செய்யாற்றுப் பகுதியிலுள்ள உக்கல் என்னும் ஊரின் திருமால் கோயிலில் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் ஹூல்ட்ஷ் இதனைப் பதிப்பித்தார். சோழமண்டலம், தொண்டைமண்டலம், பாண்டிமண்டலம் ஆகியவற்றில் அந்தணர், வைகானசர், சமணர் ஆகியோருக்குரிய ஊர்களைப் பற்றியது இவ்வரசாணை. 16ஆம் ஆட்சியாண்டு முதல் 23ஆம் ஆட்சியாண்டு வரையிலான காலத்தில், இரண்டு ஆண்டுகள் முழுமையாக வரி செலுத்தத் தவறிய காணியுடையோரின் நிலத்தை ஊராரே கைக்கொண்டு விற்கும் அதிகாரத்தை அது வழங்குகிறது.

இவ்வாணையில் இரு கூறுகள் கருதத்தக்கவை. விற்கும் உரிமை அரச அலுவலரிடம் அன்றி ஊராரிடம் விடப்பட்டமை ஒன்று. வரிப்பொறுப்பு ஊர் முழுவதன் மீதும் இருந்ததால் ஒருவர் செலுத்தாத வரி அயலார் தலையில் விழுந்தது. எனவே இந்த அதிகாரம் தண்டனை என்பதைவிட, ஊரார் தம்மைக் காத்துக்கொள்ளும் கருவியாகவே அமைந்தது. உடனடியாக நிலத்தைப் பறிக்காமல் இரண்டு ஆண்டு எல்லை வகுத்தமை மற்றொன்று. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் இராசராசப் பெருவிலை போன்ற சொல்லாட்சிகள் காணப்படுவது, நிலத்தைப் பொதுவில் விலை கூறி விற்பது பெயர் பெற்ற ஒரு நடைமுறையாக வளர்ந்ததைக் காட்டுகிறது.

ஆங்கில மரபும் அமெரிக்க நடைமுறையும்

இங்கிலாந்தில் இவ்வினா வேறொரு கோணத்தில் எழுந்தது. 1215ஆம் ஆண்டின் மகா சாசனம், அரசனுக்குக் கடன்பட்டு இறந்தவரின் உடைமையைக் கடன் அளவுக்கே எடுக்கலாம் என்றும், எஞ்சியது அவருடைய இறுதி விருப்பத்தை நிறைவேற்றுவோரைச் சேரும் என்றும் வரையறுத்தது. 1692ஆம் ஆண்டுச் சட்டம் வரிக்காக உடைமையை விற்க அதிகாரம் அளித்தபோதே, மிகுதியை உடனே உரியவரிடம் திருப்பித் தரவேண்டும் என்றும் விதித்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் இம்மரபைத் தொடக்கத்தில் ஏற்றன. 1798ஆம் ஆண்டு நேர்முக வரிக்கான சட்டம், நிலுவையைத் தீர்க்கத் தேவையான அளவு நிலத்தை மட்டுமே விற்க இடமளித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்களில் ஏலம் இன்றைய முறைக்கு நேர்மாறாக நடைபெற்றது: வரித்தொகையைச் செலுத்தி, அதற்கு ஈடாக மிகக் குறைந்த பரப்பைப் பெற முன்வந்தவரே ஏலம் எடுத்தவர் ஆனார். பரந்த வேளாண் நிலத்திற்கு இம்முறை பொருந்தியது. பிரிக்க இயலாத நகரத்து வீட்டிற்கு அது பொருந்தவில்லை. முழுச் சொத்தும் விற்பனைக்கு வந்தபோது மிகுதி பற்றிய வினா கூர்மையடைந்தது.

1884ஆம் ஆண்டு லாட்டன் வழக்கில், அரசே நிலத்தை ஏலத்தில் எடுத்துக்கொண்டாலும் மிகுதி உரிமையாளருக்கே சேரும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 1956ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் தொடர்பான நெல்சன் வழக்கில் நிலை மாறியது போலத் தோன்றியது. 65 டாலர் நீர்க்கட்டண நிலுவைக்காகக் கைப்பற்றப்பட்ட சொத்து ஒன்று 7,000 டாலருக்கு விற்கப்பட்டது. மிகுதியை நகரமே வைத்துக்கொண்டதை நீதிமன்றம் தடுக்கவில்லை. மிகுதியைக் கோருவதற்குச் சட்டத்தில் வழி இருந்தும் உரிமையாளர் அதனைப் பயன்படுத்தவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. இந்த நுட்பத்தைப் புறக்கணித்து, மிகுதியைக் கோர வழியே வைக்காத சட்டங்களுக்கும் சில மாநிலங்கள் இத்தீர்ப்பைக் கேடயமாகக் கொண்டன.

அதன் விளைவு மிச்சிகனில் வெளிப்பட்டது. 8 டாலர் 41 சென்ட் வரிக்குறைவால் தொடங்கிய நிலுவைக்காக ஒருவரின் வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டது. முழுத்தொகையும் கவுண்டி நிர்வாகத்திடமே தங்கியது. 2020ஆம் ஆண்டு சூலையில் அம்மாநில உச்ச நீதிமன்றம் இதனை இழப்பீடற்ற கையகப்படுத்தல் எனத் தீர்ப்பளித்தது. மினசோட்டாவின் ஹென்னெபின் கவுண்டியில் ஒரு மூதாட்டியின் அடுக்குமாடி வீடு ஏறத்தாழ 15,000 டாலர் நிலுவைக்காகக் கைப்பற்றப்பட்டு 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. அந்நிலுவையில் வரி ஏறக்குறைய 2,300 டாலரே; எஞ்சியது வட்டியும் தண்டமும் செலவும். 2023ஆம் ஆண்டு மே 25 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் ஒருமனதாக நின்றது. தலைமை நீதிபதி ராபர்ட்சு எழுதிய தீர்ப்பு 1215, 1692, 1798 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களையே சான்றாக எடுத்தாண்டது.

ஒன்ராறியோவின் ஏற்பாடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இச்சிக்கலைச் சட்டத்தின் அமைப்பிலேயே எதிர்கொள்கிறது. 2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் இன்றைய வடிவில், வரி நிலுவையான ஆண்டிற்குப் பிந்திய இரண்டாம் ஆண்டின் சனவரி முதல் நாள் வந்தபின்னரே நிலுவைச் சான்றிதழைப் பதிவுசெய்ய இயலும். உரிமையாளருக்கும் அடமானம் பெற்றவருக்கும் அறிவிப்பு அனுப்பவேண்டும். பதிவிலிருந்து ஓராண்டுக்குள் நிலுவையையும் செலவையும் செலுத்திச் சொத்தை மீட்கலாம். அதன் பின்னரே பொது ஏலம் அல்லது ஒப்பந்தப்புள்ளி வழியாக விற்பனை நடைபெறும். நகராட்சிக்குச் சேரவேண்டியது போக எஞ்சியது நீதிமன்றத்தில் செலுத்தப்படும். உரிமையுடையோர் அங்கே கோரலாம்.

வாங்குபவரின் நிலை எளிதானதன்று. ஒப்பந்தப்புள்ளியுடன் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டவேண்டும். உரிமைத் தூய்மைக்கோ வீட்டில் குடியிருப்போர் வெளியேறுவதற்கோ நகராட்சி உறுதி அளிப்பதில்லை. முன்னரே உள்ளே சென்று பார்க்கவும் இயலாது. வரி விற்பனையில் விலை குறைவாக அமைவதன் காரணம் இதுவே. மலிவு எனத் தோன்றுவதில் பெரும்பகுதி, வாங்குபவர் தம் தோளில் ஏற்கும் இடரின் விலையாகும்.

முடிவுரை

உக்கல் ஆணையின் இரண்டு ஆண்டு எல்லைக்கும் ஒன்ராறியோச் சட்டத்தின் காத்திருப்புக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. பொதுச்சுமையைப் பிறர்மீது ஏற்றிவிட்டு ஒருவர் நிலத்தை வைத்துக்கொள்ளலாகாது, அதே வேளையில் ஒரு தவறுக்காக அவர் உடனே நிலமற்றவராகவும் ஆகலாகாது என்னும் இரு நெறிகளுக்கு இடையே சமநிலை தேடியபோது, இரு சமூகங்களும் காலக்கெடு என்னும் ஒரே கருவியைக் கைக்கொண்டன. காலக்கெடு கடனாளிக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஆயினும் அது முடிந்தபின் அவருடைய உரிமை என்ன என்பதற்கு அது விடை கூறுவதில்லை. அவ்விடை மிகுதியைப் பற்றிய விதியிலேயே உள்ளது. கடனுக்கு மேல் ஒரு காசும் எடுக்காத வரையில்தான் அது வரிவசூல்; அவ்வெல்லையைக் கடந்த விற்பனை எப்பெயரில் நடந்தாலும் பறிமுதலே.