பதநீரின் அவசரத்தில் பிறந்த வீடு

பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது. விடியும்போது பனையிலிருந்து இறக்கியது, வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏறியாக வேண்டும். நேரம் தப்பினால் புளித்துவிடும். புளித்ததை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் கருப்பட்டியாக இறுகாது. பிசுபிசுத்த பாகாகவே நின்றுவிடும். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரமும் விளாத்திகுளமும் தாண்டி வேம்பார், சாயல்குடி வரைக்கும் உள்ள பனங்காடுகளில் வருஷாவருஷம் எழும்புகிற விடிலி என்ற ஓலை வீட்டைப் பெற்றது இந்த அவசரம்தான்.

பனையேறிக்கு ஊரில் வீடு இல்லாமல் இல்லை. ஆனால் அது பனையிலிருந்து தள்ளி இருக்கிறது. ஒருவர் நாற்பது பனையைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஏறிப் பதநீர் இறக்கிப் பாளையைச் சீவ வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். சீவாமல் விட்ட பாளையின் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், சுரப்பு நின்றுபோகும். மரம் 40 அடி என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் நாளுக்கு 80 ஏற்றம், 3,200 அடி உயரம். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் இதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இப்படி ஏறி இறங்கிய உடம்போடு அவ்வளவு பதநீரையும் ஊருக்குச் சுமப்பது யார்?

சுமப்பதும் வீண் சுமைதான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். மீதியெல்லாம் ஆவியாகப் போகிற தண்ணீர். அவ்வளவு தண்ணீரை வற்றவைக்க விறகு மலையாக வேண்டும். அதுவும் பனங்காட்டில்தான் கிடக்கிறது. காவோலை, காய்ந்த மட்டை, பாளை, சுற்றிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல். ஆகவே பதநீர் ஊருக்கு வரவில்லை, அடுப்பு பனைக்குப் போனது. அடுப்போடு சட்டி போனது. சட்டியைக் கவனிக்கப் பனையேறியின் மனைவி போனாள், அவளோடு பிள்ளைகளும் கோழியும் போயின. இத்தனை பேர் வந்து சேர்ந்தபின் தலைக்குமேல் நிழல் தேவைப்பட்டது. மற்ற வீடுகளில் கூரை போட்டபின் அடுப்பு வைப்போம். விடிலியில் அடுப்புக்காகத்தான் கூரை.

சுண்ணாம்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பதநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கள்ளாக்கிவிடும். பதநீர் வடியும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் அதன் காரத்தன்மை ஈஸ்ட்டை அடக்கிவைக்கும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரு பூச்சுதான். 1987 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்குத் தடை இருப்பதால், அரிவாளோடு சுண்ணாம்புப் பெட்டியும் இடுப்பில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் சுண்ணாம்பு கொடுக்கிற அவகாசம் மணிக்கணக்குதான், நாள்கணக்கு இல்லை. வண்டி பூட்டி ஊருக்குக் கொண்டுபோய்ச் சாவகாசமாகக் காய்ச்சும் அளவுக்கு அது தாராளமாக இருந்திருந்தால், விடிலியே பிறந்திருக்காது.

இனி அது எழும்பும் விதம். பாளை சீவுவதற்கு முன்னால் பனை கழிக்க வேண்டும். கீழ் அடுக்கில் முற்றி நிற்கும் ஓலைகளை அறுத்துத் தள்ளினால்தான் ஏறுபவருக்குக் கழுத்துப் பகுதியில் இடம் கிடைக்கும். பனை வருஷத்துக்குச் சுமார் ஒரு டஜன் ஓலை விடும் மரம். அந்த அளவுக்குக் கழிப்பதால் அதற்குக் கேடில்லை. நாற்பது பனையைக் கழித்து முடிக்கும்போது தரையில் நூற்றுக்கணக்கில் ஓலை கிடக்கும். கூரை, சுவர், கட்டும் நார், படுக்கும் பாய் எல்லாம் அதற்குள் இருக்கிறது. கட்டுமானப் பொருள் தேடிப் போக வேண்டியதே இல்லை, தொழிலின் முதல் நாள் வேலையே அதை இறக்கிப் போட்டுவிடுகிறது. இந்தப் பொருத்தத்தை எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து கொடுத்ததில்லை.

கருவி என்று பார்த்தால் அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி. ரம்பம் இல்லை, ஆணி இல்லை, காசு கொடுத்து வாங்கிய கயிறு இல்லை. இயற்கையாகவே கவை விட்ட கம்புகளாகப் பார்த்து வெட்டிக் கால் நட்டு, அந்தக் கவையில் முகட்டுக் கம்பைத் தூக்கி வைத்தால் முடிந்தது. பொருத்தும் வேலையைக் கிளையின் பிளவே செய்துவிடுகிறது. பக்கவாட்டில் கம்புகளைச் சாய்த்து, குறுக்கே வரிச்சு கட்ட வேண்டும். நார் மட்டையிலிருந்து வருகிறது. அதன் ஓரத்து முள்பற்களான கருக்கை அரிவாளால் சீவி எறிந்துவிட்டு, தோலை நீளவாக்கில் உரித்தால் கை நீளத்துக்கும் மேலே நார் கிடைக்கும். நனைத்துக் கட்டினால் வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் விறைத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஓலையை அப்படியே கூரையில் போட முடியாது. விசிறி மடிப்பாக நிற்கும் அதை மிதித்துத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாரம் ஏற்றி வைக்க வேண்டும். படிந்தபின் கீழே இறவாரத்திலிருந்து மேல்நோக்கி மேய வேண்டும். மேலே வரும் ஓலையின் நுனி கீழ் ஓலையின் தலையை மூடியபடி போக வேண்டும், முகடு கடைசி. இந்த வரிசை மாறினால் கோடை மழையின் முதல் தூறலே உள்ளே வந்துவிடும். வாசல் வைக்கும் திசையும் முக்கியம். ஆனியிலும் ஆடியிலும் இந்தச் சீமையில் அடிக்கிற மேகாற்றுக்குக் கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் குடிசைக்குள்தான் அடுப்பு நிதானமாக எரியும்.

கரிசல் மண் இந்த வேலைக்கு நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை. இங்கே பனை பெரும்பாலும் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும்தான் நிற்கும். கடற்கரையை நெருங்கி மணல் சேரச் சேரத்தான் காடாகப் பெருகும். கரிசலில் கால் நட்டால் ஒரு சங்கடம் உண்டு. ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்குகிற களிமண் அது. மாசி ஈரத்தில் இறுக்கி நட்ட கம்பைச் சுற்றிச் சித்திரைக்குள் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுவிடும். செங்கல் சுவராக இருந்தால் கூடவே பிளந்துவிடும். கரிசல்காட்டு ஊர்களில் சுவர் நெடுகப் படிக்கட்டுப்போல் ஏறிப்போகும் விரிசலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாரால் கட்டிய சட்டம் அசைந்து கொடுக்கும். கால் தளர்ந்தால் சரளைக்கல் போட்டுக் கடப்பாரையால் இடித்துவிடலாம். ஆறு மாதம் நின்றால் போதும் என்று கட்டப்படுகிற வீட்டுக்கு மண்ணோடு சண்டை போடும் அவசியமே இல்லை.

உள்ளே வேலை எப்படி? பதநீரைப் பன்னாடையில் வடிகட்டிச் சட்டியில் ஊற்றுவார்கள். பனையின் மட்டையடியில் துணி நெய்ததுபோல் இருக்கும் அந்த வலைதான் வடிகட்டி. அதற்கும் கடைக்குப் போக வேண்டாம். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் நுரை அடங்கும். மணிக்கணக்கில் கிண்டி, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் இளகும், பிந்தினால் தீய்ந்துவிடும். இந்தப் பதத்தைப் பார்ப்பவள் பெரும்பாலும் பனையேறியின் மனைவி. பனையேற்றத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உயரத்தையே பார்த்து எழுதுகிறார்கள். கருப்பட்டியின் தரம் தீர்மானமாவது தரையில், புகைக்கு நடுவே. உறைந்த கருப்பட்டி மறுபடி அந்தப் புகைக்கே போகும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் வைத்தால் ஈரக்காற்றில் கசியாமல் இருக்கும். அதே புகை ஓலையிலும் ஏறிப் பூச்சி அரிப்பதைத் தள்ளிப்போடுகிறது. கூரை அடுப்பைக் காக்கிறது, அடுப்பு கூரையைக் காக்கிறது. நடுவில் இருப்பவர்களின் கண்ணும் நெஞ்சும்தான் அதற்கு விலை கொடுக்கின்றன.

இதை அழகுபடுத்திச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜான் பிளாண்ட் என்பவர் 2015-ல் ‘பிரிமிட்டிவ் டெக்னாலஜி’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கி, தானே செய்த கல்கோடரியால் மரம் வெட்டிக் குடிசை கட்டிக் காட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் அவர் செய்வதை உலகமே பார்த்தது. ‘புஷ்கிராஃப்ட்’ என்று பெயர் வைத்து வீட்டுக்குப் பக்கத்துத் தோப்பில் கைக்கருவிகளால் முகாம் கட்டுவது பல நாடுகளில் பொழுதுபோக்காகிவிட்டது. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் விடிலி போட்டவர்கள் பொழுது போகாமல் போடவில்லை. பருவம் தொடங்குமுன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அதற்குக் கருப்பட்டியாகத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் பலர். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலமும் பனைக்காலமும் மோதிக்கொள்ளும். வேலை முடிந்தால் ஊருக்குப் போய்விடலாம் என்ற சுகம் முகாமுக்கு உண்டு, விடிலிக்குக் கிடையாது.

1978-ல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமானது. ஏறுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்த காலமும் அதுதான். தப்பிப் பிழைத்த விடிலிகளில் முகட்டின்மேல் தார்ப்பாய் ஏறிவிட்டது, நாருக்குப் பதில் நைலான் கயிறு வந்துவிட்டது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பிருந்தவர்கள் கையருகே கிடைத்ததை எடுத்தார்கள், இப்போதும் அதைத்தான் செய்கிறார்கள். கம்பும் மாறியிருக்கிறது. 1870-களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல், கோர்ட் வரைக்கும் போய்த் திட்டு வாங்கிய மரம், இன்று இந்தப் பக்கத்தில் விறகாகவும் கவைக்காலாகவும் கிடைக்கிறது.

ஆடி முடிந்ததும் பாளை வற்றிவிடும். நல்ல கம்புகளை உருவி வைத்துக்கொள்வார்கள். ஓலை விறகாகும், இல்லாவிட்டால் அங்கேயே மட்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிக் கரிசல் சேறாகும்போது விடிலிக்கு அங்கே வேலை இல்லை. மறுவருஷம் அதே ஆள் வேறு பனைகளைப் பாட்டத்துக்கு எடுத்தால் விடிலியும் அந்த இடத்தில் எழும்பும்.

கோவில்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் லீவு நாளில் தன் காட்டு ஓரத்தில் இப்படி ஒன்று கட்டிப்பார்க்க ஆசைப்பட்டால், இணையத்தில் கோடரி தேடுவதற்குமுன் மாசியில் கிழக்கே ஒரு நடை போய்வரலாம். பனை மரத்தை வெட்டக் கூடாது. வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ன் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். ஓலைக்கு அந்தத் தொல்லை இல்லை. பனை கழிக்கிறவரிடம் கேட்டு, அவருக்கு வேண்டியது போக மிஞ்சியதை விலை பேசி வாங்கலாம். கருக்கு தொடையைக் கிழிக்காமல் சுமக்கும் விதத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கிய அன்றே, பச்சை வாடுவதற்குமுன் மிதித்து அடுக்கிவிட வேண்டும். காய்ந்த ஓலையை மிதித்தால் ஒடியும், அது அடுப்புக்குத்தான் ஆகும்.