நாகப்பட்டினத்துக்கு லிஸ்பன் வழியா ஒரு பாதை

வந்தவாசின்னா கோரைப்பாய் ஞாபகம் வரும். இல்லாட்டி பள்ளிக்கூடத்துல படிச்ச வந்தவாசிப் போர். 1760 ஜனவரி 22ல அயர் கூட்டோட ஆங்கிலப் படை, லாலியோட பிரெஞ்சுப் படையை ஜெயிச்சுது. அடுத்த வருஷம் புதுச்சேரியும் விழுந்தது. சண்டை எங்க ஊர்ல, ஆனா காரணத்துல பாதி ஐரோப்பாவுல. 1756லேர்ந்து 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரோட ஒரு துண்டு அது. அதைச் சொல்லாம விட்டா, இவங்க ரெண்டு பேரும் எதுக்கு நம்ம வயல்ல வந்து அடிச்சுக்கிட்டாங்கன்னே புரியாது.

பறங்கியர் கதையும் இதே மாதிரிதான் மக்களே. பொதுவா 1498ல வாஸ்கோ ட காமாவை கோழிக்கோட்டுல இறக்கி, 1510ல கோவாவைப் பிடிக்க வெச்சு, அதோட முடிச்சிடறோம். 1619ல யாழ்ப்பாண அரசையே விழுங்கினவங்க, 1658ல அதே யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் ஒரே வருஷத்துல டச்சுக்காரங்ககிட்ட ஏன் பறிகொடுத்தாங்க?

பதில் லிஸ்பன்ல இருக்கு. 1580ல போர்ச்சுகல் அரியணை ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் கைக்குப் போச்சு. டச்சுக்காரங்க அப்போ ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கிட்டிருந்தாங்க. அதுவரைக்கும் லிஸ்பன் சந்தையில மிளகு வாங்கி வித்தவங்களுக்கு போர்ச்சுகலும் எதிரி நாடாயிடுச்சு. நேரா இங்கயே கப்பல் விட்டாங்க. 1602ல கம்பெனி ஆரம்பிச்சு, 1613ல பழவேற்காட்டுல கோட்டையும் கட்டினாங்க. 1640ல போர்ச்சுகல் ஸ்பெயின்கிட்டேயிருந்து விடுபட்டுச்சு. ஆனா இங்க ஆரம்பிச்ச சண்டை நிக்கல. 1656ல கொழும்பு, 1658ல மேல சொன்ன மூணு ஊரும் போச்சு.

அதனாலதான் சொல்றேன், தமிழ் விக்கிப்பீடியாவுல போர்ச்சுகலோட நிலவியலையும் அரசியல் வரலாறையும் நல்லா எழுதறது நம்ம வேலையும்தான். நிலவியல் எதுக்குன்னு கேக்கறீங்களா? அந்த நாட்டுக்கு நிலத்துல ஒரே அண்டைநாடு, ஸ்பெயின். மேற்கும் தெற்கும் அட்லாண்டிக். தேஜோ, டோரோன்னு ரெண்டு பெரிய ஆறும் ஸ்பெயின்ல பிறந்து வருது, நம்ம பாலாறு கர்நாடகாவுல பிறந்து வர்ற மாதிரி. தேஜோ கடல்ல சேர்ற இடத்துலதான் லிஸ்பன். தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு ஏன் கடலை நம்பிப் பிழைச்சுதுன்னு வரைபடத்தைப் பார்த்தாலே புரியும்.

பிற்கால அரசியலும் நம்மளைத் தொடாம போகல. 1961 டிசம்பர்ல இந்தியா கோவாவை மீட்டுச்சு. சலாசார் ஒத்துக்கவே இல்ல. 1974 ஏப்ரல் 25ல அங்க புரட்சி நடந்து சர்வாதிகாரம் கவுந்த பிறகுதான், அதே வருஷம் டிசம்பர் 31ல கோவா இந்தியாவோடதுன்னு ஒப்பந்தம் போட்டாங்க.

போர்ச்சுகல், போர்த்துக்கல், போர்த்துகல்னு ஆளுக்கொரு எழுத்து. அதுக்கு அடிச்சுக்க வேணாம், வழிமாற்று போட்டா முடிஞ்சுது :-) ஆனா ரெண்டு வரி எழுதிட்டு ஓடிடாதீங்க. ஒவ்வொரு கட்டுரையிலயும் நம்ம கரையைத் தொடற ஒரு பத்தியாவது, ஆதாரத்தோட, இருக்கட்டும். நான் தேஜோ ஆத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். 1580ஐ யாராவது எடுத்துக்குங்களேன்.