அழகுப் பொருள்களில் கடற்பாசிக் கூழ்கள்

கிரீம், லோஷன், ஷாம்பு போன்றவை நீராக ஓடாமலும் எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரியாமலும் இருக்கக் கெட்டிப் பொருள் ஒன்று வேண்டும். கடற்பாசி தருபவற்றில் முக்கியமானவை மூன்று: சிவப்புப் பாசிகளின் கராஜீனன், அகர் அகர், பழுப்புப் பாசிகளின் ஆல்ஜினேட். மூன்றும் பாசியின் செல்சுவரிலுள்ள நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள்.

கராஜீனனில் கப்பா வகை பொட்டாசியத்துடன் உறுதியாக இறுகும். ஆனால் எளிதில் உடையும். லாம்டா இறுகாது, கெட்டிப்படுத்த மட்டுமே செய்யும். லோஷனுக்கும் பற்பசைக்கும் வாகானது அயோட்டா. கால்சியத்துடன் மெத்தென்ற கூழாகி, பிதுக்கும்போது இளகி, விட்டதும் மறுபடி கூடிக்கொள்ளும். பற்பசை குழாயிலிருந்து வழுக்கி வந்தும் பிரஷ்மேல் சரியாமல் நிற்க இந்தக் குணம் உதவுகிறது. அமிலம்தான் ஆகாது: புளிப்பான கலவையைச் சூடாக்கினால் சங்கிலி அறுந்து கூழ் நீர்த்துவிடும்.

ஆல்ஜினேட்டை 1880களில் பிரித்தெடுத்தவர் ஸ்காட்லாந்துப் பாசிகளை ஆராய்ந்த எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு. அழகு நிலையத்தில் ரப்பர்போல் ஒரே தகடாக உரித்தெடுக்கும் முகப்பூச்சு இதன் கைவண்ணம். அந்தப் பொடியில் சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் சல்பேட், சிறிது பாஸ்பேட் உப்பு இருக்கும். நீர் விட்டதும் வெளிவரும் கால்சியத்தை முதலில் பாஸ்பேட் பிடித்துக்கொள்கிறது. முகத்தில் பூசி முடிக்க அவகாசம் கிடைப்பது அதனால்தான். பாஸ்பேட் தீர்ந்தபின் கால்சியம் ஆல்ஜினேட் சங்கிலிகளைப் பிணைக்க, பூச்சு இறுகுகிறது. பல் மருத்துவர் அச்செடுக்கும் பசையும் இதே வகைதான்.

கடலின் சத்தையெல்லாம் தோலுக்குள் இறக்கும் என்ற விளம்பரம் மிகையானது. இந்த மூலக்கூறுகள் தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. மேலே மெல்லிய படலமாகி ஈரத்தைக் காப்பதே அவை செய்வது; வறண்ட தோலுக்கு அதுவே நல்ல உதவி.

இந்தியாவில் கடற்பாசித் தொழிலின் முக்கியக் களம் ராமநாதபுரம் கடற்கரை. இங்குள்ள மீனவப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறித்துவருகிறார்கள். கராஜீனன் தரும் கப்பாபைகஸ் மட்டும் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படுகிறது: கயிற்றில் துண்டுகளைக் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. பவநகரின் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முறையை உருவாக்க, பெப்சிகோ ஒப்பந்த முறையில் அதைப் பரப்பியது. ‘பெப்சி பாசி’ என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது.

இப்பாசி இந்தியக் கடலுக்கு அந்நியமானது. ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய குருசடைத் தீவில் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். அறுந்து விழும் சிறு துண்டும் முழுப் பாசியாக வளரும் என்பதால், தெப்பங்களுக்கு அடியில் வலை கட்டுவதும் பவளப்பாறைகளை விட்டு அவற்றைத் தள்ளி மிதக்கவிடுவதும் கட்டாயமாக வேண்டியவை.