கான்சர்டினாவின் கதை

ஆர்மோனியத்தை அறியாத தமிழர் இலர். நம் சங்கத்து நாடகங்களுக்கும் பஜனைகளுக்கும் அதுவே துணை. ஆயின் அதன் நெருங்கிய உறவாகிய கான்சர்டினாவை அறிந்தோர் நம்மவருள் மிகச் சிலரே. இரு கைகளுக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி அது. நடுவே துருத்தி, இரு புறமும் பொத்தான்கள், உள்ளே மெல்லிய உலோக நாக்குகள். துருத்தியை விரித்தும் சுருக்கியும் காற்றைச் செலுத்த, நாக்குகள் அதிர்ந்து இசைக்கும்.

ஆங்கிலக் கான்சர்டினாவைப் படைத்தவர் இலண்டனில் வாழ்ந்த சார்லஸ் வீட்ஸ்டன். இயற்பியல் மாணவர் மனப்பாடம் செய்யும் 'வீட்ஸ்டன் பாலம்' இவர் பெயராலேயே வழங்குகிறது. (அப்பாலத்தை முதலிற் கண்டவர் வேறொருவர் என்பது தனிக்கதை.) 1837-இல் குக் என்பாருடன் கூடி, யூஸ்டனுக்கும் கேம்டன் டவுனுக்கும் இடையே இருப்புப்பாதை ஓரமாக மின்தந்தியை இயக்கிக் காட்டியவரும் இவரே. இரயில்வேயிற் காலந்தள்ளும் என் போன்றோர்க்கு இவர் ஒருவகையில் முன்னோர்! 1829-இல் இவர் பெற்ற காப்புரிமையிலேயே கான்சர்டினாவின் கரு உண்டு. 1844-இல் மற்றொரு காப்புரிமையும் பெற்றார். இதற்கிடையே 1834-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் உலிக் என்பவர் வேறொரு வகையைச் செய்தார்.

ஆங்கிலக் கருவியில் துருத்தியை எவ்வாறு இயக்கினும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். ஜெர்மன் கருவியிலோ இழுத்தால் ஒன்று, அழுத்தினால் வேறொன்று. முன்னது சீமாட்டியரின் வரவேற்பறைப் பொருள். வீட்ஸ்டன் கம்பெனியின் விற்பனைப் பேரேடுகள் இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. கருவியின் எண்ணும் வாங்கியவர் பெயரும் அவற்றிற் காணலாம். பெண்கள் பெயர் பல. பேரேடு எழுதிப் பழகிய கைக்கு அதன் அருமை தெரியும்.

மலிவான ஜெர்மன் வகை அயர்லாந்துக்குக் கப்பலேறிற்று. அங்கே கிளேர் மாவட்டத்துக் குடியானவர் வீடுகளில் பெண்கள் கைக்கருவியாயிற்று. இரவில் அடுக்களையில் அயலார் கூடி ஆட, வீட்டுக்காரி வாசிப்பாள். 1935-இல் பொது நடன மண்டபச் சட்டம் வந்தது. உரிமமின்றிப் பொது நடனம் கூடாது என்பதே விதி. பாதிரிமாரும் காவலரும் அதனைக் காட்டி வீட்டு நடனங்களையும் ஒடுக்கினர். மண்டபங்களில் பேரொலி வாத்தியங்கள் புகுந்தன, கான்சர்டினா பரணேறிற்று. நம் நாட்டு வானொலியிலும் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. ஆயினும் நம் வீட்டினுள் புகுந்து எவரும் தடுத்திலர். அயர்லாந்தில் நிகழ்ந்தது அதனினும் கொடிது என்பேன்.

கில்ரஷ் ஊரில் மதுக்கடை நடத்திய எலிசபெத் குரோட்டி (1885-1960) வாசிப்பை விட்டிலர். 1950-களில் வானொலி அவர் இசையை நாடெங்கும் பரப்பிற்று. பின்னர், பரணிற் கிடந்த கருவிகளும் மெல்ல இறங்கின. அதற்குள் இலண்டனின் பழைய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டமையால், பலர் பழங்கருவியையே தேடலாயினர்.

பழையதை வாங்குவோர் துருத்தியின் மடிப்பு மூலைகளையும் நாக்குகளின் துருவையும் முதலிற் காணவேண்டும். சில கருவிகளின் சுருதி இக்காலத்து அளவினும் சற்று ஏறியிருக்கும். பிறரோடு சேர்ந்து வாசிக்க இயலாது. பம்பாய்ச் சோர் பஜாரில் அடியேன் வாங்கியது மலிவான ஜெர்மன் வகை. அதில் எண் இல்லை. எப்பேரேட்டிலும் அதற்கு வரியில்லை. வலக்கைப் பொத்தான்களுள் மூன்று மட்டும் குழிந்து தேய்ந்துள்ளன.